மண் கூரையும் பராமரிப்புக் கடமையும்

மதீனாவில் வறட்சி நிலவிய ஒரு வெள்ளிக்கிழமை. நபி (ஸல்) அவர்கள் குத்பா நிகழ்த்திக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து, கால்நடைகள் மடிகின்றன, மழைக்காக இறைஞ்சுங்கள் என வேண்டினார். நபியவர்கள் கையேந்தினார்கள். மேகம் திரண்டு மழை பொழிந்தது. அடுத்த ஜுமுஆ வரையிலும் ஓயவில்லை. அந்த ஜுமுஆவில் எழுந்த வேண்டுகோளோ நேர்மாறானது. வீடுகள் இடிந்து விழுகின்றன, மழை நிற்கப் பிரார்த்தியுங்கள் என்றார் வந்தவர். எங்கள் மீதன்றி எங்களைச் சுற்றிலும் பொழியட்டும் என்ற கருத்தில் நபியவர்கள் துஆச் செய்ய, மேகம் விலகிற்று. அனஸ் (ரலி) அவர்களின் இவ்வறிவிப்பு ஸஹீஹுல் புகாரீயில் பதிவாகியுள்ளது.

மழைத் தொழுகை பற்றிய பாடத்தில்தான் நாம் இந்த ஹதீஸை ஓதுகிறோம். எனினும் அதில் ஒரு வாழ்வியல் வரலாறும் அடங்கியுள்ளது. பாலைவாசிக்கு மழை அருள். அவனது மண் வீட்டுக்கோ அதுவே சோதனை. ஆண்டின் பெரும்பகுதி வெயிலைத் தாங்கி நிற்கும் தட்டைக் கூரை, சில நாள் மழையில் கரைந்துவிடக் கூடும். எனவே அந்நிலத்தில் கூரை அமைப்பது ஒரு கலை என்றால், அமைத்த கூரையைக் காப்பது அதனினும் நீண்ட கடமையாயிற்று. அக்கடமை யாரைச் சார்ந்தது என்ற கேள்வியை நம் சட்ட மேதைகளும் விட்டுவைக்கவில்லை.

முதல் எடுத்துக்காட்டு மஸ்ஜிதுந் நபவீயே ஆகும். பேரீச்ச மட்டைகளால் வேயப்பட்ட அதன் கூரை, ரமளான் இறுதிப் பகுதியின் ஓர் இரவில் பெய்த மழையில் ஒழுகியது. அன்று சுப்ஹுத் தொழுகையை முடித்துத் திரும்பிய நபியவர்களின் நெற்றியில் ஈரமண்ணின் அடையாளத்தைக் கண்டதாக அபூ ஸயீத் அல் குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள். பின்னர் உமர் (ரலி) அவர்கள் பள்ளியைப் புதுப்பித்தபோது, மக்களை மழையிலிருந்து காப்பதே நோக்கமாக இருக்கட்டும், சிவப்பும் மஞ்சளும் பூசி மக்களின் கவனத்தைச் சிதறடிக்க வேண்டாம் எனக் கட்டுவோரைப் பணித்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் தேக்கு மரக் கூரை எழுந்தது. மட்டையிலிருந்து தேக்குக்கு வந்த இந்தப் பயணத்தைத் தூண்டியவற்றுள் மழையும் ஒன்று என நாம் கருதலாம்.

இத்தகைய கூரையின் உள்ளமைப்பை அறிய யமன் நாட்டின் ஹளரமவ்த் பள்ளத்தாக்கை நோக்குவோம். அங்குள்ள ஷிபாம் நகரம் மதிலால் சூழப்பட்டது. ஹிஜ்ரி 10ஆம் நூற்றாண்டில் (கி.பி. 1532-33) பெருவெள்ளம் அந்நகரைச் சிதைத்தது. இன்று காணப்படும் அடுக்கு வீடுகளுள் பெரும்பாலானவை அதன் பின் எழுந்தவை. ஏழெட்டு அடுக்குகள் வரை உயர்ந்து நிற்கும் இவ்வீடுகள் வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கற்களால் ஆனவை. யுனெஸ்கோ 1982இல் ஷிபாமை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

கூரை இவ்வாறு அமைகிறது. முதலில் உத்திரங்கள், அவற்றுக்கு ‘இல்ப்’ எனப்படும் இலந்தை மரம் பெரிதும் பயன்படுகிறது. உத்திரங்களின் மேல் குறுக்குக் குச்சிகளும் பேரீச்ச ஓலைப் பாயும் பரப்பப்படுகின்றன. அதன்மேல் வைக்கோல் கலந்து பிசைந்த களிமண் கெட்டிக்கப்படுகிறது. வைக்கோல் மண்ணைப் பிணைத்து, உலரும்போது பெருவெடிப்பு ஏற்படாமல் காக்கிறது. தடித்த அம்மண் அடுக்கு பகல் வெப்பத்தைத் தாமதித்தே உள்ளே விடுவதால் அறைகள் குளிர்ச்சியாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக ‘நூரா’ எனும் சுண்ணாம்புப் பூச்சு. நீரில் நீற்றிய சுண்ணாம்பைக் கழிகளால் நெடுநேரம் அடித்துப் பதப்படுத்தி, கூரையிலும் கைப்பிடிச் சுவரிலும் மேல்மாடிகளின் வெளிப்புறத்திலும் பூசித் தேய்க்கிறார்கள். ஷிபாமின் மண்ணிறக் கோபுர வீடுகள் உச்சியில் மட்டும் வெண்மையாகத் திகழ்வது அழகுக்காக மட்டுமன்று. மழை முதலில் தாக்கும் இடம் அதுவே.

தட்டைக் கூரை என்கிறோமே தவிர, அது முற்றிலும் தட்டையானதன்று. நீர் வழிந்தோட மெல்லிய வாட்டம் உண்டு. அந்நீரைச் சுவரில் படாமல் வெளியே தள்ளி விழச் செய்யும் மரத் தூம்புக்கு அறபியில் ‘மீஸாப்’ என்று பெயர். இத்தூம்பு அடைபட்டால் நீர் தேங்கும், தேங்கிய நீர் நுண்ணிய வெடிப்பு வழியே இறங்கும், சுவரில் பதிந்துள்ள உத்திர முனை நனைந்து உளுக்கும், கறையானும் சேரும். கீழிருந்து நோக்குவோருக்கு ஒன்றும் தெரியாத நிலையிலேயே வீடு வலுவிழந்துவிடும். ஆகவே மழைக்கு முன் தூம்பைத் துப்புரவு செய்தல், மழைக்குப் பின் வெடிப்புகளைத் தேடி அடைத்தல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூச்சைப் புதுப்பித்தல் ஆகியன குடும்பத்தின் வழக்கமான வேலைகளாயின. பழுதான பழைய மண்ணைச் சுரண்டி எடுக்காமல் புது மண்ணை மேலும் மேலும் இடுவதும் ஆபத்தே. பாரம் பெருகி உத்திரம் வளையும். கூரையைக் காக்க இட்ட மண்ணே கூரையை வீழ்த்திவிடும்.

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோம். அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டுத் தூம்பு, ஜுமுஆவுக்குச் சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மீது அசுத்த நீரைச் சொரிந்தது; அதை அகற்றுமாறு அவர்கள் ஆணையிட்டார்கள். அது நபியவர்கள் பொருத்திய இடம் என அப்பாஸ் (ரலி) எடுத்துரைத்ததும், தமது முதுகின் மீது ஏறி நின்று மீண்டும் அதே இடத்தில் பொருத்துமாறு உமர் (ரலி) வற்புறுத்தினார்கள். முஸ்னது அஹ்மதில் காணப்படும் இந்நிகழ்வு, தெருவின் பக்கம் நீளும் தூம்பு பற்றிய சட்ட ஆய்வுகளில் எடுத்தாளப்படுகிறது.

மேல்மாடி ஒருவருக்கும் கீழ்வீடு மற்றொருவருக்கும் உரியதாயின், இடையிலுள்ள கூரை யாருடையது? மாலிகீ அறிஞர்கள் அதைக் கீழ்வீட்டாருக்கு உரியது என்றனர். ஸூரத்துஸ் ஸுக்ருஃபின் 33ஆம் வசனம் கூரைகளை வீடுகளுடன் சேர்த்துக் கூறுவதை அவர்கள் சான்றாகக் கொண்டதைத் தஃப்ஸீர் குர்துபீயில் காண்கிறோம். கீழ்வீடு பழுதடைந்தால் அவர் செப்பனிட வேண்டும், அல்லது விற்றுவிட வேண்டும் எனத் தீர்ப்பளிக்கப்படும் என்பது முக்தஸர் கலீல் தரும் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) மின்ஹாஜில் வேறு வகையாக நுணுகி நோக்குகிறார்கள். மேல்மாடி கட்டிய பின்னரும் சுவரில் துளையிட்டு உத்திரம் செருகி அமைக்கத்தக்க கூரையாயின் அது இருவருக்கும் பொது. அவ்வாறு பின்னர் அமைக்க இயலாத வளைவுக் கூரையாயின் கீழ்வீட்டாருக்கு உரியது. கட்டுமான முறையே இங்கு உரிமைக்குச் சான்றாகிறது! பங்காளியைக் கட்டாயப்படுத்திச் செப்பனிடச் செய்ய முடியாது என்பது அம்மத்ஹபின் புதிய கூற்று. ஒன்று கட்டடம் அழியக் கூடாது என்பதில் கண் வைக்கிறது. மற்றது தனி மனிதனின் உரிமையில் கண் வைக்கிறது. ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டில் தூனிஸில் வாழ்ந்த இப்னு ராமீ, கட்டடத் தொழிலில் தேர்ந்தவராக இருந்தே கட்டடச் சட்டங்கள் பற்றித் தனி நூல் யாத்தார் என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

கைப்பிடிச் சுவரில்லாத மொட்டை மாடியில் உறங்குவதைக் கண்டிக்கும் அறிவிப்பு ஸுனன் அபூதாவூதில் உண்டு. வக்ஃபு வருவாயிலோ முதல் செலவு கட்டடப் பராமரிப்புக்கே. வக்ஃபு செய்தவர் அவ்வாறு நிபந்தனையிடாவிடினும் அதுவே முறை என ஹனஃபீ நூல்கள் விதிக்கின்றன. கட்டுவதன் நன்மை காப்பதில்தான் நிலைபெறுகிறது என்பதை நம் முன்னோர் சட்டமாகவே ஆக்கிவைத்தனர்.

அண்மைக் காலத்தில் இச்சங்கிலி அறுபடத் தொடங்கியது. யமனின் ரதாஉ நகரில் ஸுல்தான் ஆமிர் இப்னு அப்துல் வஹ்ஹாப் 1504இல் எழுப்பிய ஆமிரிய்யா மத்ரஸா சிதைந்து கிடந்தது. நீர் புகாத ‘கதாத்’ எனும் சுண்ணச் சாந்தே அதற்குரிய காப்பு; அக்கலை அறிந்தோரோ அருகிவிட்டனர். இராக்கைச் சேர்ந்த தொல்லியலாளர் ஸல்மா அர்ராளீ, யமனியக் கொத்தனார்களைக் கொண்டு அச்சாந்து வேலையை மீட்டெடுத்தார். 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்த பணி 2005இல்தான் நிறைவுற்றது. ஷிபாமிலும் வீட்டுக்காரர் ஒரு பங்கு, திட்டம் ஒரு பங்கு எனச் செலவைப் பகிர்ந்து உள்ளூர்க் கொத்தனார்களைக் கொண்டே வீடுகளைச் செப்பனிட்டனர். ஆமிரிய்யாவும் ஷிபாமும் 2007இல் ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பெற்றன.

ஆனால் 2008 அக்டோபரில் ஹளரமவ்த்தைப் பெருவெள்ளம் தாக்கியது; நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், மண் வீடுகள் பல கரைந்தன. 2015இல் போர் மூண்டபோது யுனெஸ்கோ ஷிபாமை அழிவபாயப் பட்டியலில் சேர்த்தது. 2020 ஆகஸ்டு மழையில் ஸன்ஆவின் பழைய நகரிலும் வீடுகள் இடிந்தன. மழை மட்டுமே இதற்குக் காரணம் அன்று. வருவாய் இழந்த குடும்பம் பூச்சைத் தள்ளிப்போடுகிறது. புலம்பெயர்ந்தவனின் மாடியில் தூம்பைப் பார்க்க ஆளில்லை. குண்டு விழாத வீடும் கவனிப்பாரின்றியே விழுகிறது.

சிமெண்டைப் பூசிவிட்டால் தொல்லை தீருமே எனச் சிலர் எண்ணலாம். மண் ஈரத்தை வாங்கி வெளிவிடும் இயல்புடையது. சிமெண்டோ இறுகி வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீரை வெளியேற விடாது. உள்ளே மண் குழைந்து போவது வெளியே தெரியாது. மண் கூரைக்கு மண்ணும் சுண்ணாம்புமே மருந்து.

ஷிபாமின் வீடுகள் பல நூற்றாண்டுகளாக நிற்கின்றன என வியக்கிறோம். உண்மையில் இன்று நாம் காணும் பூச்சு முதல் கொத்தனார் பூசியதன்று. தலைமுறை தோறும் யாரோ ஒருவர் மாடியேறி, பழையதைச் சுரண்டி, புதியதைப் பூசியிருக்கிறார். கட்டியவரின் பெயரைக் கல்வெட்டில் தேடும் வரலாற்றாசிரியர்கள், பெயரற்ற அப்பராமரிப்பாளர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். அவர்களின் கை ஓய்ந்த இடத்தில், அடுத்த மழைக்குள் அப்பணியை ஏற்க ஆளில்லையெனில், எந்தப் பட்டியலாலும் அக்கூரையைக் காக்க இயலாது.