ஆட்டு மயிருக்கு என்ன பெயர்?

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் கேட்ட விளக்கம் இது: கம்பம் என்றால் நடுக்கம், அளி என்றால் அருள், குளிரில் நடுங்குகிறவனுக்கு அருள் செய்வதால் அதற்குக் கம்பளி என்று பெயர் வந்தது. அரங்கம் கைதட்டியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதே விளக்கத்தை வேறு வேறு வாய்களில் நான்கைந்து முறை கேட்டாயிற்று. இனியும் பேசாமல் இருந்தால் நாளை இது பாடப்புத்தகத்தில் ஏறிவிடும்.

முதலில் சொல்லின் உருவத்தைப் பார்க்க வேண்டும். தமிழ் நூல்களில் முந்தி வரும் வடிவம் கம்பலம், கம்பளம். ‘அம்’ ஈற்றுச் சொல் அது. கம்பளி அதிலிருந்து பிறந்த பின்வடிவம். கம்பலத்தில் ‘அளி’ எங்கே இருக்கிறது? நடுக்கத்தைக் குறிக்கும் கம்பமோ வடசொல். வடசொல்லையும் தமிழ்ச்சொல்லையும் ஒட்டவைத்துப் பின்வடிவத்தை விளக்குவது சொல்லாராய்ச்சி ஆகாது. துளு நாட்டில் சேற்று வயலில் எருமை ஓட்டும் கம்பளாவையும் இதோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அது சேற்றுக் களம் பற்றிய சொல். கம்பளிக்கும் அதற்கும் உறவில்லை.

கம்பலம் பழைய சொல். அதர்வ வேதத்தின் 14ஆம் காண்டத்தில், திருமணப் பகுதியில் வருகிறது. யாஸ்கர் தம் நிருக்தத்தில் காம்போஜர் என்ற பெயரைக் கம்பலத்தோடு சேர்த்து விளக்குகிறார். அதுவும் ஒலி ஒப்புமையை நம்பிய விளக்கம்தான் என்பது என் எண்ணம். பழைமை பிழையை மாற்றிவிடாது. பாணினி கம்பலத்திலிருந்து கம்பல்யம் என்ற பெயரை ஆக்குவதற்குத் தனியாக ஒரு சூத்திரம் (5.1.3) வைத்திருக்கிறார். கம்பல்யம் என்பது நூறு பலம் ஆட்டு மயிர் என்று காசிகை உரை சொல்கிறது. ஒரு போர்வைக்கு வேண்டிய மயிரின் அளவே எடைப்பெயராக நிலைத்திருக்கிறது. போர்வை முதலில் இருக்கிறது. மயிரின் எடை அதைக் கொண்டு அளக்கப்படுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லின் வேர் எங்கே? பிரெஞ்சு அறிஞர் ழான் பிரிசிலுஸ்கி இதை ஆரியமும் அல்லாத, திராவிடமும் அல்லாத முண்டா வழிச் சொற்களோடு வைத்து ஆராய்ந்தார். மயிரைக் குறிக்கும் பால, வால என்பவற்றோடு கம்பலத்தை இணைத்தார். அவர் கட்டுரைகளின் மொழிபெயர்ப்பு 1929இல் கல்கத்தாப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அவர் கொண்டது சரியானால், கம்பலத்தின் உள்ளேயே மயிர் ஒளிந்திருக்கிறது. நான் அதன்மேல் வழக்கை நிறுத்தவில்லை. என் வழக்கு வேறு.

கம்பளி என்பது நெய்த துணியின் பெயர். ஆட்டின் மேலிருந்து கத்தரித்த பொருளின் பெயர் அன்று. இன்று தமிழில் நாம் கம்பளி ஆடு, கம்பளி நூல், கச்சாக் கம்பளி என்றெல்லாம் எழுதுகிறோம். வேட்டிப் பருத்தி, சேலைப் பஞ்சு என்று எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. அண்டை மொழிகளைப் பாருங்கள். கன்னடத்தில் இழைப்பொருள் உண்ணெ, போர்வை கம்பளி. தெலுங்கில் இழைப்பொருள் உன்னி, போர்வை கம்பளி அல்லது கொங்கடி. இந்தியில் ஊன், கம்பல். உண்ணெ, உன்னி, ஊன் மூன்றும் ஊர்ணா என்ற வடசொல்லின் வழி வந்தவை. ஆங்கிலேயரின் ‘வுல்’லும் அந்த ஊர்ணாவின் உடன்பிறப்பே. வயிற்றில் நூலை வைத்திருக்கும் சிலந்திக்கு ஊர்ணநாபி என்ற பெயரும் அங்கிருந்து வந்தது. எல்லோருக்கும் இரண்டு சொல் இருக்க, நமக்கு மட்டும் ஒன்றா?

தமிழனுக்கு வெப்ப நாடு, ஆகவே அவனுக்கு அந்தப் பொருளும் தெரியாது, சொல்லும் கிடையாது என்று இதற்கு விடை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சிலப்பதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். இந்திரவிழவூரெடுத்த காதையில் புகாரின் நெசவாளர் கையாளும் பொருள்கள் மூன்று: பட்டு, மயிர், பருத்தி நூல். ஊர்காண் காதையில் மதுரையின் அறுவை வீதியில் அடுக்கிக் கிடக்கும் துணிகளும் அதே மூன்று வகை. இளங்கோ ஒரு முறை சொல்லியிருந்தால் தற்செயல் எனலாம். இரண்டு நகரங்களில், இரண்டு காதைகளில், ஒரே மூவகையைச் சொல்கிறார். வணிகர் நாவில் வழங்கிய வகைப்பாடு அது. அங்கே இழைப்பொருளுக்குப் பெயர் மயிர்.

நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலை நக்கீரர் வருணிக்கும் இடம் இன்னும் தெளிவு. பல நிறம் ஊட்டிய மயிரைக் கலந்து, சிங்க வேட்டையை அதில் பொறித்திருக்கிறார்கள். ஊட்டுதல் என்பது சாயம் ஏற்றுதல். பருத்தியில் சாயம் பிடிப்பது கடினம். ஆட்டு மயிரில் எளிதில் பிடிக்கும். நிறங்களைச் சேர்த்து உருவம் காட்ட வேண்டிய வேலைக்கு மயிரைத் தேர்ந்தவர்கள் பொருளின் இயல்பு தெரிந்தவர்கள்.

சிலப்பதிகார மயிருக்கு உரைமரபு எலிமயிர் என்று பொருள் கூறுகிறது. இதை நான் ஏற்கமாட்டேன். அந்த எலி சீவகசிந்தாமணியிலிருந்து ஓடிவந்த எலி. நெருப்பைத் தின்னும் செவ்வெலியின் மயிரால் ஆன பொற்கம்பலத்தைத் திருத்தக்கதேவர் பாடுகிறார். நெருப்பில் இட்டு வெளுக்கும் எலிமயிர்த் துணி என்ற கதை சீனம் வரை உண்டு. அந்தத் துணி உண்மையில் கல்நார். அரசன் வீட்டு அதிசயப் பொருளுக்குரிய விளக்கத்தை, வீதி முழுதும் நூற்றுக்கணக்கில் அடுக்கி விற்ற துணிக்கு எப்படிப் பொருத்துவது? ஆட்டு மந்தை ஊருக்கு வெளியே மேய்ந்துகொண்டிருக்க, எலியைத் தேடிப் போகவேண்டிய தேவை என்ன? ஆனால் அதே சிந்தாமணிப் பாட்டு எனக்குப் பெரும் துணை செய்கிறது. ஒரே பாட்டில் மயிரும் வருகிறது, கம்பலமும் வருகிறது. மயிர் இழை, கம்பலம் அதனால் ஆன துணி. இரண்டும் தம்தம் இடத்தில் நிற்கின்றன.

பௌத்த நூல்களிலிருந்து இன்னொரு சான்று. புத்தர் காலத்து அஜித கேசகம்பலரின் பெயரை எல்லோரும் அறிவோம். கேசத்தால், அதாவது மனிதத் தலைமயிரால், நெய்த கம்பலத்தை உடுத்ததால் அவருக்கு அந்தப் பெயர். அங்குத்தர நிகாயத்தில் இன்னோர் ஆசானாகிய மற்கலியின் கொள்கையைப் பழிக்க வந்த புத்தர், நெய்த துணிகளிலெல்லாம் கேசகம்பலமே கடையானது, குளிரில் குளிரும், வெயிலில் சுடும் என்று அதை உவமை ஆக்குகிறார். கம்பலம் என்பது ஆட்டு மயிரின் பெயராகவே இருந்திருந்தால் கேசகம்பலம் என்ற தொடர் பிறந்திருக்க முடியாது.

நூல்களை விட்டுவிட்டு ஆட்டுக்கிடைக்கு வருகிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம், கம்பளி நெய்யும் குறும்பர் குடும்பம் ஒன்றோடு சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு நாள் இருந்தேன். முதலில் ஆடுகளை ஏரியில் இறக்கி நீந்தவிட்டு மண்ணைப் போக்குகிறார்கள். காய்ந்த பிறகு கத்தரி. ஆண்டுக்கு இரண்டு முறை. அர்த்தசாத்திரமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மயிர் எடுக்கச் சொல்கிறது. தக்காணத்து இடையர் இன்றும் அந்தக் கணக்கில்தான் நிற்கிறார்கள். கத்தரித்ததை அப்படியே மூட்டை கட்டுவதில்லை. பாட்டி ஒருத்தி குவியலின் முன் அமர்ந்து பிரித்தாள். தோளிலும் விலாவிலும் உள்ளது நயம். பின்தொடையிலும் வாலடியிலும் உள்ளது முரடு. வயிற்றடியில் உள்ளது அழுக்கும் முள்ளும். குட்டியின் முதல் கத்தரிப்பு எல்லாவற்றிலும் மென்மை, அது தனிக் குவியல். கறுப்பு கறுப்போடு. ஒரு கொத்தை எடுத்து இரு முனையையும் பிடித்துக் காதருகே வெடுக்கென்று இழுத்தாள். ஆடு நோயுற்றோ பட்டினி கிடந்தோ இருந்தால் அந்த நாளில் வளர்ந்த இடத்தில் மயிர் மெலிந்திருக்கும். இழுத்தால் அங்கே அறும். அறுந்தால் அது நூலுக்கு ஆகாது.

அலசும்போது வெதுவெதுப்பான நீரில் அமுக்கிவைத்து எடுத்தாள், கசக்கவில்லை. ஆட்டு மயிரின் மேல் மீன்செதில் போல நுண்ணிய செதில்கள் அடுக்காக உண்டு. சூட்டிலும் கசக்கலிலும் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். பிறகு பிரிக்க இயலாது. மயிரின் பிசுக்கை முழுக்கப் போக்குவதும் இல்லை. கொஞ்சம் எண்ணெய்ப்பசை இருந்தால்தான் நூற்கும்போது விரலில் வழுக்கி வரும். காய்ந்ததும் விரலால் பிய்த்துப் பிய்த்து முள்ளும் தூசும் உதிரவைத்தாள். அதன்பின் வில். நாணை அதிரவிட, மயிர் மேகம்போல் எழும்பியது.

நான் வியப்போடு, “கம்பளி எவ்வளவு மெதுவா ஆயிடுச்சு பாட்டி!” என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். “கம்பளியா? கம்பளி இன்னும் எங்க தம்பி இருக்குது? இது மசுரு. நெஞ்ச பொறவுதான் கம்பளி.”

சிலப்பதிகாரமும் சிந்தாமணியும் சொன்னதையே அவள் சொன்னாள்.

அவள் விரலால் செய்த வேலைக்குத் தமிழில் எஃகுதல் என்று பெயர். வில்லால் அடித்துப் பதப்படுத்துவது பன்னுதல். அகநானூற்றில் (217) பெய்து ஓய்ந்த வெண்மேகம் எஃகிய பஞ்சின் துய்யைப் போல இருக்கிறது. நற்றிணையில் (299) வில்லால் அடித்த பஞ்சு, கடல் திரையின் பிசிருக்கு உவமை. பன்னியதால் பனுவல். புறநானூற்றில் (125) பருத்திப் பெண்டின் கையில் இருக்கும் அந்தப் பனுவல்தான் பிறகு நூலுக்கும் இலக்கியத்துக்கும் பெயராயிற்று. நன்னூலார் சொல்லைப் பஞ்சாகவும், புலவன் வாயை நூற்கும் கையாகவும், மதியைக் கதிராகவும் உருவகித்தது இந்த வழியில் வந்தது. நற்றிணையின் இன்னொரு பாட்டில் (353) நுண்ணிய பனுவலைச் செய்கிறவர்கள் ஆண்துணை இல்லாத பெண்டிர். அர்த்தசாத்திரத்து நூல் அதிகாரி நூற்க அமர்த்தும் பெண்களிலும் கைம்பெண்களே முதலில் வருகிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பொருள்களின் வரிசையில் ஊர்ணா முதலிலும் பருத்தி பின்னும் நிற்கின்றன.

எஃகுதலும் பன்னுதலும் பருத்திக்கே உரிய சொற்கள் என்பார் உண்டு. செயல் ஒன்று, கருவி ஒன்று, விரல் ஒன்று. பொருள் மட்டும் வேறு. மயிரை நெய்யும் நெசவாளர் புகாரில் இருந்தால், அதை எஃகாமலும் பன்னாமலும் எப்படி நெய்தார்கள்? பாட்டில் உவமையாக வெண்பஞ்சு வந்தது மேகம் வெண்மையாக இருந்ததால். கறுத்த மயிர் அந்த உவமைக்கு உதவாது.

இந்த மயிரைத் தரும் ஆட்டைக் குறும்பாடு என்கிறோம். கோவைப் பகுதியின் குறும்பையும், திருச்சிக் கறுப்பும், நீலகிரி ஆடும்தான் தமிழ்நாட்டில் மயிர் கத்தரிக்கத் தகுந்தவை. மேச்சேரி, வேம்பூர், இராமநாதபுரம் வெள்ளை முதலியவை குட்டைமுடி ஆடுகள், இறைச்சிக்கு வளர்ப்பவை. குறுமை உடைய ஆடு குறும்பாடு என்று சிலர் பிரிப்பார்கள். குறும்பு செய்வதால் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடை வேண்டியதில்லை. கன்னடத்தில் ஆட்டுக்குக் குறி என்று பெயர், அதை மேய்ப்பவர் குறுபர். தெலுங்கில் கொற்றெ. தமிழில் கொறி என்ற சொல் ஆட்டைக் குறித்து நிகண்டுகளில் கிடக்கிறது. மூன்று மொழியிலும் ஒரே சொல்லாக நிற்கும்போது உயரத்தை அளந்துகொண்டிருப்பானேன்? புல்லை நுனிநுனியாகக் கொறிப்பதால் கொறி. கொறியிலிருந்து குறும்பாடும் குறும்பரும். இது என் எண்ணம்.

பிறகு மயிர் எப்படித் தன் இடத்தை இழந்தது? வசைச்சொல் ஆனதால். திருக்குறளில் (964) தலையிலிருந்து இழிந்த மயிர் இழிவுக்கு உவமையாகிறது; ஆனால் இழிவு இழிந்ததற்கே, மயிருக்கு அன்று. அதே மானம் அதிகாரத்தில் (969) கவரிமாவின் மயிர் உயிரினும் பெரிதாகப் போற்றப்படுகிறது. மனிதன் தலையிலிருந்து விழுந்தால் மதிப்புப் போகிறது. ஆட்டின் உடலிலிருந்து விழுந்த பிறகே மயிருக்கு மதிப்பு வருகிறது. இந்த வேறுபாட்டைப் பிற்காலப் பேச்சு மறந்தது. கூச்சப்பட்டு முதலில் உரோமம் என்றார்கள். அது எழுத்தோடு நின்றது. பின் துணியின் பெயரை இழைக்கும் ஏற்றினார்கள். பழைய தமிழ் விவிலியம் மட்டும் கூசவில்லை. நீதிமொழிகள் 31இல் குணசாலியான பெண் தேடி எடுப்பது ஆட்டுமயிரும் சணலும். லேவியராகமத்தில் ஆட்டுமயிர் வஸ்திரம் வருகிறது. ஏசாயா முதல் அதிகாரத்தில் வெண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் மூலத்தின் ஆட்டு மயிரை விட்டுப் பஞ்சு என்று பெயர்த்திருக்கிறார்கள். வெண்மைக்குத் தமிழ்க் காது கேட்பது பஞ்சைத்தான்.

எழுதுகிறவர்களுக்கும், பாடநூல் ஆக்குகிறவர்களுக்கும், அகராதி தொகுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நெய்ததைக் கம்பளி என்று எழுதுங்கள். கத்தரித்ததை, பிரித்ததை, அலசியதை, எஃகியதை, பன்னியதை ஆட்டு மயிர் என்றே எழுதுங்கள்.