மெத்தை கட்டிய கார்கள்

1930-களில் அமெரிக்காவில் எடுத்த சில கறுப்பு வெள்ளைப் படங்களை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீங்க. துருப்பிடித்த பழைய கார். கூரைமேல் மெத்தை, கட்டில் சட்டம், நாற்காலி எல்லாம் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். பக்கவாட்டில் வாளி, சட்டி, தண்ணீர்ப் பை தொங்கும். உள்ளே நாலஞ்சு குழந்தைகள். ஒரு ஆள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து நிற்பார்.

இதைப் பார்க்கிற டவுன்காரங்களுக்கு முதலில் வருகிற கேள்வி, "கார் வச்சிருக்காங்களே, இவங்க எப்படி ஏழை?" என்பதுதான். அமெரிக்காவிலேயே அன்றைக்கு இது கேலிப்பேச்சாக இருந்தது. காரில் ஏறி ஏழைவிடுதிக்குப் போகிற முதல் நாடு நம்ம நாடுதான் என்று வில் ரோஜர்ஸ் என்ற நகைச்சுவையாளர் சொன்னார். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் அந்தப் படங்கள் புரியும்.

முதல் விஷயம், கார் அங்கே மலிவு. ஃபோர்டு கம்பெனி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல்-டி கார்களைச் செய்து தள்ளியது. 1925-ல் புதுக் காரே 260 டாலர்தான். அடுத்த பத்து வருஷத்தில் அவையெல்லாம் கைமாறிக் கைமாறி, குத்தகைதாரனும் வாங்குகிற விலைக்கு வந்துவிட்டன.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். நிலத்தை விட்டுக் கிளம்புகிறவன் கலப்பையை, கோவேறு கழுதையை, பசுவை எல்லாம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவான். ஊரே விற்கும்போது வாங்க ஆள் ஏது? ஆனால் காரை மட்டும் விற்க முடியாது. கலிபோர்னியாவில் பட்டாணி பறிப்பு ஓரிடம், பருத்தி எடுப்பு இன்னோரிடம், திராட்சை வேறிடம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே நூற்றுக்கணக்கான மைல். சக்கரம் இல்லாதவனுக்குக் கூலி வேலையும் இல்லை. அந்த டப்பா கார்தான் அவனுக்கு வீடு, களஞ்சியம், வேலைக்கான கருவி எல்லாம்.

சரி, ஏன் கிளம்பினார்கள்? புழுதிப் புயல் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிக் கதை. முதல் உலகப் போர்க் காலத்தில் ஒரு புஷல் கோதுமை இரண்டு டாலருக்கு மேல் விற்றது. அந்த ஆசையில் ஓக்லஹோமா, கன்சாஸ், டெக்சாஸ் பக்கத்துப் புல்வெளிகளை எல்லாம் உழுது போட்டார்கள். மழை குறைந்த, காற்று பலமான பூமி அது. புல்லின் வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. பிறகு கோதுமை விலை 40 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. விலை இறங்கினால் விவசாயி என்ன செய்வான்? கடன் தவணையைக் கட்ட இன்னும் கொஞ்சம் சேர்த்து உழுவான். அப்படித்தான் செய்தார்கள். 1930-களில் மழை பொய்த்தது, வெறும் மண் வானத்துக்கு எழும்பியது. 1935 ஏப்ரல் 14 அன்று வந்த புயலுக்குக் 'கறுப்பு ஞாயிறு' என்றே பெயர். மறுவருஷம் ஆர்தர் ராத்ஸ்டீன் எடுத்த படத்தில், ஒரு அப்பாவும் இரண்டு பையன்களும் புழுதிக் காற்றில் பாதி புதைந்த கொட்டகையைத் தாண்டிப் போவார்கள்.

ஆனால் கார் ஏறி மேற்கே போனவர்களில் நிறையப் பேர் இந்தப் புழுதிப் பூமிக்காரர்களே இல்லை. பருத்தி விளையும் பகுதிகளில் இருந்த குத்தகைதாரர்கள், வாரக்காரர்கள். 1933-ல் பருத்தி விலையைத் தூக்கி நிறுத்த, விளைந்து நின்ற பருத்தியை ஒரு கோடி ஏக்கருக்கு மேல் உழுது அழிக்கச் சொல்லி அரசாங்கம் பணம் கொடுத்தது. அடுத்த வருஷங்களிலும் பயிர்ப் பரப்பைக் குறைத்தால் பணம் என்றது. பணம் போனது நிலச் சொந்தக்காரர் கைக்கு. குத்தகைதாரனுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் சொன்னாலும், பல இடங்களில் அவனைக் கிளப்பிவிட்டு, அந்தப் பணத்திலேயே டிராக்டர் வாங்கிக்கொண்டார்கள். டோரதியா லாங் 1938-ல் டெக்சாஸில் எடுத்த ஒரு படத்தில் கார் இல்லை, ஆள் இல்லை. காலியான ஒரு வீடு, அதன் வாசல்வரை நெருங்கி வந்த உழவுச் சால்கள், அவ்வளவுதான். என்னை அதிகம் பாதித்த படம் அது. மழை பொய்த்தால் அடுத்த வருஷம் பெய்யலாம். வாசல்வரை உழுத பிறகு திரும்பி வர என்ன இருக்கிறது?

இந்தப் படங்களை எடுக்கச் சொன்னதும் அதே அரசாங்கம்தான். 1935-ல் தொடங்கிய மறுகுடியேற்ற நிர்வாகம் 1937-ல் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் ஆனது. அதில் புகைப்படப் பிரிவை நடத்தியவர் ராய் ஸ்ட்ரைக்கர். வேண்டாம் என்று நினைத்த நெகட்டிவ்களில் ஓட்டை போட்டுவிடுகிற ஆள். அப்படியும் சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் மிஞ்சின. இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. கிராமத்து மக்களுக்கு உதவி தேவை என்று நகரத்து மக்களை நம்பவைப்பதுதான் நோக்கம்.

1937 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் ட்ரேசி ஊர்ப் பக்கம் லாங் ஒரு மிசௌரிக் குடும்பத்தைப் படம் எடுத்தார். ஊரை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. கையில் காசு இல்லை, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, கார் ரிப்பேர் என்று அவர்கள் சொன்னதைப் படக்குறிப்பில் எழுதி வைத்தார். மூன்றையும் அவர்கள் ஒரே வரிசையில் வைத்ததைக் கவனிங்க. கார் படுத்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் பிள்ளைக்கு மருந்து இல்லை.

காரைத் தள்ளிக்கொண்டு எல்லைவரை வந்தவர்களுக்கு அங்கேயும் தடை. 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தலைவர் 136 போலீஸ்காரர்களை மாநில எல்லைக்கு அனுப்பினார். கையில் காசோ கண்ணுக்குத் தெரிந்த பிழைப்போ இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு. எல்லாரும் சொந்த நாட்டுக் குடிமக்கள்! 1940 ஜனவரியில் ஃப்ரெட் எட்வர்ட்ஸ் என்பவர் டெக்சாஸிலிருந்து தன் மச்சானைக் காரில் கூட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்கு வந்தார். கிளம்பும்போது மச்சான் கையில் சுமார் 20 டாலர் இருந்தது, வந்து சேரும்போது காலி. ஏழையை மாநிலத்துக்குள் கொண்டுவந்த குற்றத்துக்கு எட்வர்ட்ஸுக்கு ஆறு மாதத் தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஏழை என்பதற்காக ஒருவனை மாநில எல்லையில் தடுக்க முடியாது என்று 1941 நவம்பரில் தீர்ப்பு வந்தது.

போலீஸ் எல்லையில் நின்ற அதே நாட்களில்தான், 1936 மார்ச்சில், நிபோமோ ஊர்ப் பட்டாணி பறிக்கும் முகாமில் லாங் தன் பிரசித்தி பெற்ற படத்தை எடுத்தார். கன்னத்தில் கை வைத்த தாய், தோளில் முகம் புதைத்த இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. பனியில் பட்டாணி கருகி, முகாமில் வேலை இல்லை. சோறு வாங்கக் கார் டயரை இப்போதுதான் விற்றிருக்கிறார்கள் என்று லாங் குறிப்பு எழுதினார். படம் பேப்பரில் வந்ததும் முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு போனது.

அந்தத் தாயின் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன், செரோக்கி இனத்துப் பெண், அப்போது வயது 32 என்பது 1978-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. படம் எடுத்தபோது பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. அவர் குடும்பம் சொன்ன கதை வேறு. ஹட்சன் காரின் டைமிங் செயின் அறுந்து முகாமில் ஒதுங்கினார்கள். ரிப்பேருக்காக ஆண்கள் ஊருக்குள் போயிருந்த நேரத்தில் லாங் வந்தார். டயரை விற்கவே இல்லை என்று மகன் அடித்துச் சொன்னார். இருந்தது காரில் மாட்டியிருந்த டயர்கள்தான், அதிலேயேதான் கிளம்பிப் போனார்களாம். உணவு வந்து சேர்ந்தபோது அவர்கள் முகாமிலேயே இல்லை.

டயர்தானே, விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன என்று தோன்றலாம். நாற்பது வருஷம் கழித்தும் அந்தக் குடும்பம் அதை மறுத்துப் பேசியதற்குக் காரணம் இருக்கிறது. டயரை விற்றவன் அடுத்த அறுவடைக்குப் போகும் வழியையும் விற்றவன். விதைநெல்லைக் குத்தித் தின்றான் என்று நம்மூரில் ஒருத்தனைச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் அது. படம் அவரை உட்கார்ந்துபோன தாயாகக் காட்டியது. உண்மையில் அவர் வண்டி ரெடியாகக் காத்திருந்தவர்.

படத்துக்கு வராதவர்களும் உண்டு. இந்தக் குடும்பங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், கலிபோர்னிய வயல்களில் வேலை பார்த்த மெக்சிகோக்காரர்களை ஆயிரக்கணக்கில் எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். அவர்களில் அமெரிக்காவிலேயே பிறந்தவர்களும் இருந்தார்கள். கறுப்பினக் கூலிக் குடும்பங்களும் இதேபோல் கார்களில் அறுவடை தேடி அலைந்தன. 1940-ல் ஜாக் டெலானோ அப்படி ஒரு கூட்டத்தை எடுத்த படம் இருக்கிறது. ஃப்ளோரிடாவிலிருந்து உருளைக்கிழங்கு எடுக்க நியூ ஜெர்சிக்குப் போகிறவர்கள். அந்தப் படம் தாயின் படம் அளவுக்குப் பேர் வாங்கவில்லை.

அடுத்த தடவை இந்தப் படங்கள் கண்ணில் பட்டால், முகத்தைப் பார்த்துப் பாவம் என்று நகர்ந்துவிடாதீங்க. கூரையில் என்ன கட்டியிருக்கிறார்கள், டயர் எந்த நிலையில் இருக்கிறது என்று நிதானமாகப் பாருங்க. அவர்கள் எதையெல்லாம் விற்றார்கள், எதை விற்க மறுத்தார்கள் என்கிற கணக்கு அங்கேதான் இருக்கிறது.