கண்மாயும் வேட்டை கிளப்பும்

வேட்டையைப் பற்றி நம்மிடம் இரண்டு விதமான பேச்சுதான் உண்டு. ஜமீன்தார்களும் துரைமார்களும் செத்த புலியின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்ட காலத்தைப் பற்றிய ஏக்கம் ஒன்று. அதைப் பற்றிய தார்மீகக் கோபம் மற்றொன்று. இரண்டுமே துப்பாக்கியைப் பார்க்கின்றன. துப்பாக்கி வெடித்த நிலத்தைப் பார்ப்பதில்லை. நிலம் யாருடையது, எந்தச் சாசனத்தின் பேரில் கைமாறியது, அதில் மேய்ந்த மாடும் விறகு பொறுக்கிய பெண்ணும் என்ன ஆனார்கள் என்ற கேள்விகளில்தான் சரித்திரம் இருக்கிறது. இராமநாதபுரத்துக் கண்மாய்களில் இன்று கூடு கட்டும் பறவைகளின் கதியைப் புரிந்துகொள்ளவும் இந்தக் கேள்விகளிலிருந்தே தொடங்க வேண்டும்.

வேட்டைக்காக நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துப் பராமரிப்பது என்ற ஏற்பாட்டுக்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு முழு உதாரணம் உண்டு. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து, வருஷக் கட்டணத்தின் பேரில், மூணாறு மலைகளை எழுதி வாங்கினார். தேயிலைக்குக் காடு அழிந்தது. தேயிலைக்கு உதவாத உயர்ந்த புல்வெளி மிஞ்சியது. அந்த மிச்சம்தான் இரவிகுளம். 1928இல் தோட்டத் துரைகள் சேர்ந்து அமைத்த ஹைரேஞ்ச் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அதைத் தன் உறுப்பினர்களுக்கான வேட்டைக்களமாகக் காத்தது. முதுவர்கள் காவலர்களாக அமர்த்தப்பட்டார்கள். 1971இல் கேரள அரசு சட்டம் போட்டு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1975இல் இரவிகுளம் சரணாலயம் ஆயிற்று. 1978இல் தேசியப் பூங்கா. வரையாடுகள் இன்று மிக அதிகமாக வாழும் இடங்களில் அது ஒன்று.

இதில் மறுக்க முடியாத ஒரு உண்மை இருக்கிறது. சுடுவதற்காகக் காத்தவர்கள் உண்மையிலேயே காத்தார்கள். நீலகிரியிலும் இதுவே நடந்தது. 1877இல் சங்கம், 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். எந்தெந்த மாதங்களில் எந்த விலங்கைக் கொல்லக்கூடாது என்று விதிக்க சர்க்காருக்கு அதிகாரம் கிடைத்தது. ஆனால் இதற்குக் கொடுத்த விலை ஒன்று உண்டு. அந்த நிலத்தில் அதுவரை பின்னிக் கிடந்த மேய்ச்சல், விறகு, தேன், கண்ணி வைத்தல் ஆகிய பல பாத்தியதைகள் ஒரே பாத்தியதைக்குக் கீழே போயின. லைசென்ஸும் ரைபிளும் வைத்திருந்தவன் வேட்டைக்காரன். கண்ணியும் பசியும் வைத்திருந்தவன் திருடன். கொல்லப்படும் விலங்கு ஒன்றே. சட்டம் கொல்பவனைப் பார்த்து முடிவு செய்தது.

நீர்நிலைகளுக்கும் இந்த முறை பொருந்தும். கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் ஈரநிலங்களில் பெரும்பகுதி தனியாருடையது. அதிலும் பெரும்பகுதி வாத்து கிளப்புகளின் வசம். குளிர்காலத்தில் தண்ணீர் பாய்ச்சித் தேக்குகிறார்கள், வாத்துக்கு உகந்த செடி வளர்க்கிறார்கள், உறுப்பினர்கள் முறைவைத்துச் சுடுகிறார்கள். 1934 முதல் அமெரிக்காவில் வாத்து வேட்டைக்காரன் முத்திரை ஒன்று வாங்கியாக வேண்டும். அந்தப் பணத்தில் அரசு ஈரநிலம் வாங்குகிறது. நிலத்துக்கு ஒரு எஜமானன், தண்ணீருக்கு ஒரு நோக்கம், கணக்குக்கு ஒரு புத்தகம். அந்த அளவில் அது நேர்மையான ஏற்பாடு.

இராமநாதபுரத்துக் கண்மாய் இதற்கு நேர் எதிரான பிறவி. வடகிழக்குப் பருவமழையை நம்பிய, கடலை நோக்கி மெல்லச் சரியும் பூமி இது. வைகை கடலைச் சேர்வதற்கு முன் பெரிய கண்மாயில் வந்து ஓய்ந்துவிடும். ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாயின் வரத்து. ஒரு போகம் நெல்லுக்காகக் கட்டியது. பறவைக்காக யாரும் கரை போடவில்லை. ஆனால் நெல் ஒன்றே அதன் பயனும் அல்ல. தண்ணீர் ஆயக்கட்டுக்காரனுக்கு, மீன் பாசி ஏலம் எடுத்தவனுக்கு, கருவேலங்காய் ஆட்டுக்கு, வற்றிய பின் உள்வாயில் மேய்ச்சல், கரம்பை மண் வயலுக்கு. ஜமீன் காலத்தில் மேல்வாரம் ஒருவனுக்கு, குடிவாரம் ஒருவனுக்கு. இத்தனை பேரும் சண்டை போட்டுக்கொண்டே ஒரு கரையைக் காத்தார்கள். அந்தக் காவலுக்குக் குடிமராமத்து என்று பெயர். அதில் விருப்பமும் இருந்தது, கட்டாயமும் இருந்தது, சாதியும் இருந்தது; அதை ஒரு பொற்காலமாக்க வேண்டியதில்லை.

பறவை இந்தப் பங்காளிகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது. அதற்கு இடம் கொடுத்ததில் கருணை இருக்கலாம்; கணக்கும் இருந்தது. கூட்டிலிருந்து விழும் எச்சம் தண்ணீரில் கலந்து மடை வழியே வயலுக்கு உரமாகப் போகிறது. வேடந்தாங்கல் ஊரார் பறவைகளைச் சுட்டவர்கள் மீது முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் கௌல் வாங்கினார்கள் என்பது அவ்வூர் வரலாறு. 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கௌல் வாங்கியவர்கள் நிலத்தை வேலி போட்டுக் கேட்கவில்லை. துப்பாக்கியை மட்டும் வெளியே நிறுத்தச் சொன்னார்கள். கிளப்புக்கும் ஊருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1991 திருத்தத்தோடு லைசென்ஸ் வேட்டையும் முடிந்தது. கிளப் போய்விட்டது. ஆனால் நிலத்தை ஒரே நோக்கத்துக்குள் அடைக்கும் அதன் புத்தி போகவில்லை. சரணாலயம் என்ற பெயரில் சர்க்காரின் கைக்கு வந்தது. வேட்டங்குடி 1977இல், அது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தபோது அறிவிக்கப்பட்டது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் 1989இல், மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர் 593 ஹெக்டேருடன் 1998இல், தேர்த்தங்கல் 2010இல், சக்கரக்கோட்டை 2012இல். இவற்றில் நான்கு இன்று ராம்சர் பட்டியலில் உள்ளன: சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல், தேர்த்தங்கலும் சக்கரக்கோட்டையும் 2025இல் சேர்ந்தன. சுடுவதற்காகக் காத்த இடம் இரவிகுளம். அங்கே பல பாத்தியதைகள் முன்பே நீங்கியிருந்தன. கண்மாயில் அவை உயிரோடு இருக்கும்போதே சரணாலயம் வந்தது.

இந்த வேறுபாட்டை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பரத்பூர் சாட்சி. ராஜாக்கள் கரையும் மதகும் கட்டி, வாத்துச் சுடுவதற்காகவே தண்ணீர் தேக்கிய இடம் அது. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்ந்தன. கணக்கைக் கல்லிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். வேட்டை நின்ற பிறகு, 1982இல், எருமை மேய்ச்சலும் தடுக்கப்பட்டது. கிராமத்தார் எதிர்த்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பறவைக்காக மனிதன் சுடப்பட்டான். பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். எருமை போனதும் புல் தண்ணீரை மூடிக்கொண்டது. பறவைக்கு இறங்க இடமில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு, எருமை அந்த நீர்நிலையின் வாழ்வில் ஒரு அங்கம் என்ற முடிவுக்கு வந்தது. எதை எதிரி என்று விலக்கினார்களோ அதுவே அந்த இடத்தைப் பராமரித்துக்கொண்டிருந்தது.

நம் கண்மாயில் எருமையின் இடத்தில் விவசாயி இருக்கிறான். மார்கழி, தை மாதங்களில் கூட்டில் குஞ்சு, வயலில் கதிர். இரண்டுக்கும் அதே தண்ணீர் வேண்டும். மடையைத் திறந்தால் மரத்தடி வற்றுகிறது, நாயும் மனிதனும் கூடுவரை நடந்தே போகலாம். அடைத்தால் பயிர் சாவியாகிறது. முன்பு இந்த வழக்கு ஊர்க்கூட்டத்தில் தீர்ந்தது, அல்லது தீராமல் கிடந்தது. இப்போது கரை ஒரு இலாகா, மரம் ஒரு இலாகா, மண் ஒரு இலாகா. 1981இல் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் விறகுக்கென்று கண்மாய்களில் கருவேலம் நட்டது. கருவேலத்தில் பறவை கூடு கட்டியதும் விறகு ஏலத்துக்கு அர்த்தம் மாறியது. உள்வாயில் மண் எடுக்கக் கூடாது என்றால் வண்டல் ஏறுகிறது, கொள்ளளவு குறைகிறது. வரத்துக்கால்களைச் சீமைக்கருவேல் அடைக்கிறது. வேலை பார்க்க ஊராருக்குக் காரணம் இல்லாமல் போனால் கரையை யார் பார்ப்பார்கள்?

அழகுணர்ச்சியோடு இதைப் பேசுவது சுலபம். 2025இல் தனுஷ்கோடியில் பூநாரைகளுக்காக ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். உப்பு நீர்க் கழியில் நெல் விளைவதில்லை, அங்கே மடைச் சண்டை இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கண்மாயின் கதை வேறு. அங்கே பறவை ஒரு குடியானவனின் வாசலில் குடியிருக்கிறது. தை மாதத்தில் பதினைந்து நாள் மடையை அடைத்து வைத்ததால் ஒரு ஏக்கருக்கு எத்தனை மூட்டை குறைந்தது என்று கணக்குப் பார்த்து, அதை அந்த ஆயக்கட்டுக்குக் கொடுக்க வேண்டும். வண்டல் எடுக்கும் காலத்தைப் பறவை போன பிறகு என்று வைத்து, எடுக்கும் உரிமையை ஊரிடமே விட வேண்டும். கிளப் தன் உறுப்பினர்களுக்குக் கணக்குக் காட்டியது. ஒரு பறவைக்கு ஊர் கொடுக்கும் விலையை எந்தப் பதிவேட்டிலும் எழுதாதவரை, கண்மாய்ச் சரணாலயம் என்பது உறுப்பினர்கள் இல்லாத ஒரு கிளப்தான். சந்தாவை மட்டும் கடைமடைக்காரன் கட்டிக்கொண்டிருக்கிறான்.