வைத்தியருக்கு முன்னால் வந்து நிற்பவர்: உதவி வைத்தியர்களும் விடுதிப் பயிற்சியும்

சாம்பல்தீவில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு, அறுபது வயது அம்மா ஒருவருக்கு மூச்சு முட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டோ பிடித்து, நிலாவெளி வீதியால் உப்புவெளியைக் கடந்து திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். சிலர் எதிர்த்திசையில் நிலாவெளி வைத்தியசாலைக்குப் போவார்கள். எங்கே போனாலும் அந்த நேரத்தில் பொது வைத்திய நிபுணர் வாசலில் நிற்கமாட்டார். முதலில் பார்ப்பவர் ஓர் இளம் வைத்தியராகவோ தாதியாகவோ இருக்கலாம். நாற்பது ஐம்பது வருடங்களுக்கு முன்னர் என்றால் ஊர் 'அப்போத்திக்கரி ஐயா' என்று அழைத்த உதவி வைத்தியராகவும் இருந்திருக்கலாம்.

"அம்மாவுக்கு இழுப்பு" என்று மகள் சொல்வாள். நெஞ்சில் குழலை வைத்தால் விசில் போன்ற சத்தமும் கேட்கும். பயிற்சி குறைந்தவர் உடனே நெபுலைசரைப் போட்டு விடுவார். ஆனால் இருதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கட்டினாலும் அதே சத்தம் வரலாம். முதலாவதற்குச் சுவாசக் குழாயை விரிக்கும் மருந்து, இரண்டாவதற்கு நீரை வெளியேற்றும் ஊசி. நோயைப் பிரித்தறிய வேண்டியவர் கேட்கவேண்டிய கேள்விகள் மிகச் சாதாரணமானவை. மட்டமாகப் படுக்க முடிகிறதா? எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? படுத்த பிறகு எழும்பி உட்கார வேண்டியிருக்கிறதா? கால் வீங்குகிறதா? பிரஷர் குளிசை எப்போது முடிந்தது? பிறகு கண்ணால் பார்க்கவேண்டியவை: பாதிச் சாய்வில் இருத்திவைத்தால் கழுத்து நரம்பு புடைத்து நிற்கிறதா, கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா.

பொது மருத்துவம் என்று நாம் சொல்லும் துறை இதுதான். வளர்ந்தோரின் இருதயம், நுரையீரல், சிறுநீரகம், ஈரல், இரத்தம், காய்ச்சல்கள், சீனி வருத்தம் எல்லாம் கத்தி எடுக்காமல் பார்க்கப்படும் இடம். மற்றத் துறைகளில் நோய் எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் முதலிலேயே தெரிந்துவிடும். இங்கே அதைக் கண்டுபிடிப்பதே வேலையின் பெரும்பகுதி. ஆகவேதான் வைத்தியரானாலும் வைத்திய உதவியாளரானாலும் பயிற்சியின் முதுகெலும்பு இந்த விடுதியில் இருக்கிறது. புத்தகத்தில் படித்துவிட்டு வந்த மாணவர் கட்டிலருகே நின்று, நோயாளியின் கதையைத் தானே கேட்டு, தானே தொட்டுப் பார்த்து, மூன்று நான்கு நோய்களைச் சந்தேகப்பட்டு, மூத்தவர் முன்னால் அதை ஒழுங்காகச் சொல்லி, பிழையென்றால் எல்லோருக்கும் முன்னால் திருத்தப்பட வேண்டும். வெட்கமான காரியம்தான், ஆனால் வேறு குறுக்குவழி இல்லை.

கிழக்கு மாகாண விடுதிகளுக்கென்று சில பாடங்களும் உண்டு. டெங்குக் காய்ச்சலில் காய்ச்சல் விட்ட நாளைத்தான் வீட்டார் சுகமான நாள் என்று நினைப்பார்கள். ஆபத்தான கட்டம் தொடங்குவதும் அப்போதுதான். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து நோயாளி திடீரென்று சரிந்துவிடலாம். வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் இருந்தால் எலிக்காய்ச்சலை நினைக்கவேண்டும். நீண்டகாலச் சீனி வருத்தக்காரருக்கு மாரடைப்பு வந்தாலும் நெஞ்சுநோ இல்லாமல் போகலாம். வியர்வையும் களைப்பும் மட்டுமே இருக்கும். இவற்றை ஒருமுறை கட்டிலருகே கண்டவர் மறக்கமாட்டார்.

உலகில் 'பிசிஷியன் அசிஸ்டன்ட்' என்று அழைக்கப்படும் வைத்திய உதவியாளர்களின் பிறப்புக் கதை போரோடு தொடர்புடையது. 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பொது மருத்துவப் பேராசிரியராக இருந்த இயூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவப் பணியாளர்களாக இருந்து திரும்பிய நான்கு பேரைச் சேர்த்து இந்தப் படிப்பைத் தொடங்கினார். காயத்துக்குக் கட்டுப் போடவும் குருதி ஏற்றவும் தெரிந்த அவர்களுக்கு ஊருக்கு வந்ததும் அந்தத் திறமைக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. ஸ்டெட் அவர்களை முதலாம் வகுப்புப் பிள்ளைகளாக நடத்தாமல், கையில் இருந்த அனுபவத்தின் மேல் மருத்துவ அறிவைக் கட்டினார். 1967 ஒக்ரோபரில் மூன்று பேர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். இன்று அங்கே பயிலும் ஒரு மாணவர் இரண்டு வருடங்களுக்குச் சற்று மேற்பட்ட படிப்பில், ஏறத்தாழ 2,000 மணித்தியாலங்களை நோயாளர்களிடையே கழிக்கிறார். பொது மருத்துவ விடுதி அதில் கட்டாயம்.

எமக்கு இது புதிதல்ல. டியூக்குக்கு நூறு வருடங்களுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் இதுபோன்ற ஒன்று நடந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்து, மறு ஆண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்றனர். 1864இலிருந்து பாடமொழி தமிழ். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்கள் கிராமத்திலேயே இருப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. அதற்காகவே நூல்களையும் மொழிபெயர்ப்பித்தார். 1872இல் வெளிவந்த 'வைத்தியாகரம்' கட்டிலருகே கைநூலாகப் பயன்பட்ட ஆங்கில மருத்துவ நூலொன்றின் தமிழ் வடிவம். பொது மருத்துவத்தைத் தமிழில் படித்த ஒரு தலைமுறை எமக்கு இருந்தது என்பதை இன்று சொன்னால் நம்பாதவர்களும் உண்டு.

அதற்குப் பின்னர் கொழும்பில் மருத்துவக் கல்லூரி வந்தது (1870). அப்போத்திக்கரிகள் வந்தார்கள். பின்னாளில் அவர்களே உதவி வைத்தியர்கள் என்றும், சேவைக்காலத்தின் பின் பதிவு பெற்ற வைத்தியர்கள், அதாவது ஆர்.எம்.பி.க்கள் என்றும் அழைக்கப்பட்டார்கள். எம்.பி.பி.எஸ். படிப்பைவிடக் குறுகிய படிப்பு. ஆனால் மத்திய மருந்தகம், கிராமிய வைத்தியசாலை என்று எம்.பி.பி.எஸ். வைத்தியர் போகத் தயங்கிய இடங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் இவர்களே. வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் நடந்த வருடங்களில் வைத்தியர் இல்லாத பல வைத்தியசாலைகளின் கதவு திறந்திருந்ததற்கு இவர்கள்தான் காரணம். 1990களின் நடுப்பகுதியில் இந்தப் பயிற்சி நிறுத்தப்பட்டது. தரம் குறைந்த வைத்தியர்களை உருவாக்கக்கூடாது என்ற வாதம் ஒரு பக்கம். அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நிறுத்தப்பட்ட காலத்தைப் பாருங்கள். யுத்தம் முடிய இன்னும் ஒரு தசாப்தத்துக்கு மேல் இருந்தது.

அந்தக் காலத்தில் வன்னியில் கற்றவர்களைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. 2009இன் முதல் மாதங்களில் புதுமாத்தளனில் பாடசாலைக் கட்டடத்துக்குள் வைத்தியசாலை நடந்தது. ஒருசில அரச வைத்தியர்களோடு நின்றவர்கள் தாதியர், தொண்டர்கள், நேற்றுவரை மருந்துத் துணி மடித்துக்கொடுத்த பிள்ளைகள். பெப்ரவரி 10ஆம் திகதியிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் ஏற்பாடு செய்த கப்பல்கள் காயக்காரரையும் நோயாளரையும் உறவினரையும் ஏற்றி இறக்கியது முதலில் திருகோணமலைக்கு, பின்னர் புல்மோட்டைக்கும். மே மாதம் வரை அப்படி வந்தவர்கள் 13,000க்கும் மேல். அவர்களின் காயங்களுக்கு முதல் கட்டைப் போட்ட கைகள் பல, பட்டமோ பதிவோ இல்லாத கைகள்.

அந்தக் கைகளுக்குப் பிறகு என்ன நடந்தது? டியூக்கில் கிடைத்ததுபோல் ஒரு பாலம் இங்கே போடப்படவில்லை. சிலர் முகாமுக்குப் போனார்கள், சிலர் கடல் கடந்தார்கள், பலர் தாங்கள் கற்றதை வெளியே சொல்லவே பயந்தார்கள். அனுபவத்தைச் சோதித்துப் பார்த்து, குறையை விடுதியில் வைத்து நிரப்பி, சான்றிதழ் கொடுக்கும் ஒரு படிப்பு 2009க்குப் பின்னர் இருந்திருந்தால் என்ற கேள்வி இந்த எழுத்தாளருக்கு இன்னமும் ஆறவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியோடு வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போன பிறகு அது இன்னும் கூராகத் தெரிகிறது.

யுத்தம் கண்ட உடம்புகளைப் பார்க்க விடுதியில் தனியாகக் கற்கவேண்டியவையும் உண்டு. "உடம்பில் செல் துண்டு இருக்கிறதா?" என்பது திருகோணமலையில் வழமையான கேள்விகளோடு சேரவேண்டிய கேள்வி. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பக்கத்தில் இருந்தால் பெரிய சேதம். வருடக்கணக்காக "உடம்பெல்லாம் நோ" என்று கிளினிக்குக்கு வரும் தாய்க்கு இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கும். காணாமல் போன பிள்ளையைப் பற்றி அவர் சொல்வதற்கு எதிரில் தமிழ் விளங்கும் ஒருவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பவரை வைத்துக்கொண்டு அந்தக் கதையை யாரும் சொல்லமாட்டார்கள்.

உதவியாளர் என்றால் எல்லாம் நல்லது என்றும் இல்லை. பிரித்தானியாவில் வைத்திய உதவியாளர்களைத் தங்கள் வைத்தியர் என்று எண்ணி நோயாளர்கள் ஏமாந்த சம்பவங்கள் பெரிய சர்ச்சையாகின. 2025 ஜூலையில் வெளிவந்த லெங் அறிக்கை, பெயரில் குழப்பம் வராதபடி 'அசோஸியேட்' என்பதை மீண்டும் 'அசிஸ்டன்ட்' ஆக்கவேண்டும் என்றது. என்ன நோயென்று இன்னமும் தெரியாத நோயாளரை, தெளிவான வரையறைகள் இல்லாமல் இவர்கள் தனியாகப் பார்க்கக்கூடாது என்றும் சொன்னது. சாம்பல்தீவு அம்மாவின் இழுப்பை நினைத்துப் பார்த்தால் அதன் காரணம் விளங்கும். நல்ல உதவியாளருக்கு விடுதி கற்றுக்கொடுக்கும் முக்கியமான திறமை, "இது என் கைக்கு மேலானது" என்று நேரத்தோடு உணர்ந்து மூத்தவரை எழுப்புவது. இரவு இரண்டு மணிக்கு எழுப்பினால் ஏச்சு விழும் விடுதியில் அதை யாரும் கற்கமாட்டார்கள்.

இந்தப் படிப்பை நினைக்கும் எம் பிள்ளைகளுக்கு நடைமுறை விடயம் ஒன்று. தமிழ்நாட்டில் இது 1990களிலேயே, சென்னையில் இருதய சத்திரசிகிச்சை நிபுணர் கே. எம். செரியனின் முயற்சியில் தொடங்கியது. இப்போது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்று வருடப் படிப்பும் ஒரு வருட உள்ளகப் பயிற்சியுமாக உண்டு. கனடாவில் மானிற்றோபா, ஒன்ராறியோ போன்ற மாகாணங்களில் இது அங்கீகரிக்கப்பட்ட தொழில். ஆனால் வெளிநாட்டில் இந்தப் பட்டம் எடுத்துவந்தால் இலங்கை மருத்துவ சபையில் வைத்தியராகப் பதியமுடியாது. "டாக்டர் மாதிரித்தான்" என்று முகவர் சொன்னால் நம்பிக் காணியை விற்கவேண்டாம். கல்லூரியிடம் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னர், பொது மருத்துவ விடுதியில் எத்தனை கிழமை, அந்த விடுதியில் எத்தனை கட்டில், ஒரு மாணவர் நோயாளரைப் பார்த்துச் சொல்வதை யார் நின்று கேட்பார், அதைப் பதியும் பயிற்சிப் புத்தகத்தில் யார் கையொப்பம் இடுவார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு கல்லூரியைப் பாருங்கள்.