துறையும் வில்லும்: யாழ்ப்பாணத்தார் குடியிருக்க நிலந் தேர்ந்த வரலாறு

யாழ்ப்பாணக் கடனீரேரியின் வடகரை வழியே மேற்கிலிருந்து கிழக்கே செல்வோர் நாவாந்துறை, பண்ணை, கரையூர், பாசையூர், கொழும்புத்துறை என்னும் இடங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடப்பர். கரையைவிட்டு வடக்கே இரண்டு மூன்று மைல் நடந்தால் கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்னும் ஊர்கள் எதிர்ப்படும். முன்னையவை துறையென்றுங் கரையென்றும் முடிய, பின்னையவை வில் என முடிதல் நோக்கத்தக்கது. வில் என்பது ஈழத்து இடப்பெயர்களிற் சிறு நீர்நிலையைக் குறிக்கும் என்பர். கொக்குகள் கூடும் நீர்நிலையை உடையது கொக்குவில். கரையிலுள்ளார் தம்மூரைக் கலம் வந்தடையும் இடத்தாற் குறித்தனர். உள்ளூரார் மழைநீர் தங்கும் இடத்தாற் குறித்தனர். குடியிருக்க இடந்தேடிய இருவகை மக்களும் எதனை முதலில் நோக்கினர் என்பதை இப்பெயர்களே ஒருவாறு உணர்த்துகின்றன.

உலகின் பல நகரங்களிற் கடலைப் பார்த்த மனைக்கே விலையும் மதிப்பும் மிகுதி. பம்பாயிலுங் கொழும்பிலுஞ் செல்வர் கடற்காற்று வீசும் இடத்தை நாடி மாளிகை எடுத்தனர். யாழ்ப்பாணத்திலோ நிலைமை பெரிதும் மாறுபட்டது. இங்கே பழங்குடிச் செல்வர் கடற்கரையை விட்டு விலகி, செம்மண் நிலத்தில், பனைகளுக்கும் வேலிகளுக்கும் நடுவே, நாற்சார் வீடு கட்டி வாழ்வதையே பெருவாழ்வாகக் கருதினர். இதற்குக் காரணம் கிணற்று நீரேயாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு என வழங்குவது மாரிகாலத்தில் மாத்திரம் ஓடி அராலிப் பக்கத்தே கடலில் விழுவது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றாற் பெய்கின்றது. அம்மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடு கீழிறங்கி, ஆங்கு ஊறிநிற்கும் உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கும். உவர்நீரினும் நன்னீர் இலேசானதாதலின் இஃது இயல்கின்றது. கடன்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்குமென்பது நிலநீர் நூலாரின் கணக்கு. இவ்வில்லை நிலத்தின் நடுவே தடித்தும் கரையோரத்தே மெலிந்தும் இருக்கும். ஆகவே கரையில் வெட்டிய கிணறு சிறிது மிகுத்து இறைத்த அளவிலே உவர்ப்பேறிவிடும். உள்ளூர்க் கிணறு கோடையிலுந் தாக்குப்பிடிக்கும். புத்தூர் நிலாவரையில் மேனீர் நன்னீராயிருக்க, ஆழத்தில் உவர்நீர் இருப்பது இவ்வுண்மைக்குக் கண்கண்ட சான்று. நிலநூல் பயிலாத பழங்குடியினர் இதனை நாவாற் சுவைத்தே அறிந்திருந்தனர்.

ஆரியச் சக்கரவர்த்திகளின் தலைநகரான நல்லூர் கடற்கரையிலன்றிச் சற்று உள்ளே அமைந்ததற்கும் இது பொருந்தும். அரசர்க்குத் துறை வேண்டியிருந்தது. அதற்குக் கொழும்புத்துறையும் பண்ணைத்துறையும் இருந்தன. வாழ்வதற்கோ நல்ல நீர் வேண்டியிருந்தது. நகரின் கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளியம்மன், தெற்கே கைலாயநாதர், வடக்கே சட்டநாதர் எனக் கோயில்கள் காவலாய் நின்றன என யாழ்ப்பாண வைபவமாலை உரைக்கும். யமுனாரி என வழங்கும் கேணியும் அந்நகரின் எச்சமாகக் காட்டப்படுகின்றது. துறை வேறு, குடியிருப்பு வேறு என்ற இப்பகுப்பு யாழ்ப்பாணத்தின் பிற்கால வரலாறெங்கும் தொடர்தலைக் காணலாம்.

1619இல் நாட்டைக் கைப்பற்றிய போர்த்துக்கீசர் இதனைத் தலைகீழாக்கினர். ஒலிவேறா முதலில் நல்லூரிலே தங்கினான். கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். ஆயினும் நாட்டுமக்கள் கிளர்ந்தெழுந்த காலத்துச் சுற்றிலும் பகைவர் சூழ்ந்த உள்ளூர்த் தலைநகர் அந்நியனுக்கு ஏற்றதன்று. கடல்வழி உணவும் படையும் வந்துசேரத்தக்க இடம் அவனுக்கு வேண்டியிருந்தது. ஆகவே அதிகாரபீடம் கடனீரேரிக் கரைக்கு மாறிற்று. ஆழங்குறைந்த ஏரியாதலிற் பெருங்கலங்கள் ஊர்காவற்றுறையளவிலே நிற்க, தோணிகளே கோட்டைவரை வந்தன. குடியிருப்பின் வசதியன்று, தப்பிச் செல்லும் வழியே இத்தெரிவுக்கு அடிப்படை எனல் தவறாகாது. 1658இல் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முற்றுகையின்பின் அக்கோட்டையை ஒல்லாந்தர் பெற்று, ஐங்கோண வடிவிற் புதுக்கிக் கட்டினர்.

கோட்டைக்குக் கிழக்கே பிரதான வீதியையும் அதனைக் குறுக்கிட்ட தெருக்களையுஞ் சார்ந்து பறங்கியர் வாழ்ந்தனர். அப்பகுதி பறங்கித்தெரு எனப் பெயர்பெற்றது. அகன்ற விறாந்தையும் உயர்ந்த தூண்களுமுடைய வீடுகள் நேரே தெருவை நோக்கி நின்றன. யாழ்ப்பாணத்து வீடோ அவ்வாறு தெருவை நோக்குவதன்று. உயர்ந்த கிடுகுவேலியும் சங்கடப்படலையும் அதனை வழிப்போக்கர் கண்ணினின்றும் மறைக்கும். தெருவைப் பார்க்க வாழ்வோரும் தெருவுக்கு மறைந்து வாழ்வோரும் ஒரு மைல் இடைவெளியில் இரண்டு நகரங்களை அமைத்துக்கொண்டனர்.

ஒல்லாந்தர் காலத்தின் இறுதியில் வைத்திலிங்கச் செட்டியார் வண்ணார்பண்ணையில் வைத்தீசுவரன் கோயிலை எழுப்பினார். அதன் அயலிற் சைவ வணிகர் குடியிருப்புப் பெருகிற்று. 1848இல் ஆறுமுகநாவலர் தம் சைவப்பிரகாச வித்தியாசாலையை அங்கேயே தொடங்கியதும், 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அங்கே நிலைபெற்றதும் தற்செயலானவையல்ல. மறுபுறத்தே சுண்டிக்குளி ஆங்கிலேயரின் விருப்பிடமாயிற்று. 1829 தொடங்கி 1867 வரை அரசாங்க ஏசண்டராக விளங்கிய டைக் துரை அங்கே மரச்செறிவுமிக்க பழைய பூங்காவை உருவாக்கி வாழ்ந்தார். கச்சேரியும் அங்கே அமைந்தது. 1823இல் நல்லூரிலே தோன்றிய மிசன் பாடசாலை பின்னர்ச் சுண்டிக்குளிக்கு மாறிப் பரியோவான் கல்லூரியாயிற்று. கோயிலை அண்டியோ கச்சேரியை அண்டியோ இருத்தலே நல்ல அயல் என்று மதிக்கப்பட்ட காலம் அது.

இவ்வளவுங் கூறியபின், தெரிவு என்ற சொல்லையே சிறிது ஐயத்தோடு நோக்குதல் வேண்டும். விரும்பிய இடத்தில் விரும்பியவன் மனை வாங்குதல் யாழ்ப்பாணத்தில் எளிதான காரியமாக இருந்ததில்லை. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்தின்படி, நிலத்தை விற்பவன் உரித்தாளிக்கும் பங்காளிக்கும், அடமானத் தொடர்புடைய அயற்காணிக்காரனுக்கும் முன்னதாக அறிவித்தல் வேண்டும். அவர்கள் வேண்டாமென்ற பின்னரே பிறனுக்கு விற்கலாம். விற்பனையை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிற் கோயிற்பற்றுத் தேவாலயத்திற் பகிரங்கப்படுத்த வேண்டுமென்றும் விதியிருந்தது. அயலவனுக்குத் தெரியாமல் அயலுக்குள் ஒருவன் நுழையமுடியாது என்பதே இதன் பயன். 1947ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வுரிமையைப் பங்காளிக்கும் உரித்தாளிக்குமெனச் சுருக்கிற்று.

சீதனமோ இதனினும் வலியது. தாயின் வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்கே சென்றன. மணமுடித்த ஆடவன் மனைவியின் ஊரிற் குடிபுகுந்தான். ஆகவே ஒருவன் எவ்வூரில் வாழ்வான் என்பதை அவன் தெரிவு செய்ததினும், அவனுக்குப் பெண் கொடுத்தவர்கள் தெரிவு செய்தனர் என்பதே பொருந்தும். பெண்ணுக்கு மனை கொடுக்கும்போது கிணற்றிற் பங்கும், நீர் எடுக்கும் வழியும் வாய்க்காலும் உறுதியிலே எழுதப்பட்டன. ஒரு கிணறு பல பங்காளருக்கு முறைவைத்து இறைக்கப்பட்டது. எழுதாமல் விட்ட கிணற்றுப் பங்கு தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறிய வழக்காகியதை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர்.

உறுதியிற் பெயர் எழுதப்பெறாதோர் நிலைமை யாது? தாழ்த்தப்பட்ட சாதியினராகக் கொள்ளப்பட்டோர் பலருக்குச் சொந்த நிலமுமில்லை, கிணறுமில்லை. பிறர் கிணற்றருகே குடத்தை வைத்துவிட்டு, உரியவர் வந்து அள்ளி ஊற்றும்வரை அவர்கள் காத்துநின்றனர். செம்மண்ணின் நன்னீரைப் புகழும்போது அக்காத்திருப்பையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். சோனகர் பற்றி வைபவமாலை கூறுஞ் செய்தியும் இத்தகையதே. நல்லூர்ப் பக்கத்தே வாழ்ந்த அவர்களை அகற்றவேண்டி, அவர்தம் கிணறுகளிற் பன்றியிறைச்சி இடுவிக்கப்பட்டதென்றும், அவர்கள் நீங்கி நாவாந்துறைப் பக்கத்தே குடியேறினர் என்றும் அந்நூல் கூறும். அந்நூலின் செய்திகளை அளந்தே கொள்ளல் வேண்டுமாயினும், ஒருவனை ஊரினின்றும் நீக்க அவன் கிணற்றைக் கெடுத்தாற் போதும் என்ற அறிவு அக்காலத்தில் இருந்தமை இதனாற் புலனாகும். சோனகத்தெருவில் வேரூன்றிய அம்மக்கள் 1990 ஒற்றோபரில் விடுதலைப் புலிகளால் மீண்டும் வெளியேற்றப்பட்டனர்.

கொக்குவில் இந்நிலையில் எவ்வாறு நகரத்தின் அயலாயிற்று? அதன் செம்மண் புகையிலைக்கு ஏற்றது. துலாமிதித்து இறைத்த நீரில் விளைந்த புகையிலை அங்கேயே சுருட்டாகி, சுருட்டு வணிகர் தெற்கே சென்று கடைவைத்தனர். 1905இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம்வரை புகையிரதப் பாதை தொடர்ந்தமை இவ்வூருக்குப் பெருவாய்ப்பாயிற்று. காங்கேசன்துறை வீதியும் புகையிரதப் பாதையும் ஊரூடே செல்கின்றன. தெற்கே தொழில்செய்வோனும் தன் வளவை விடாமல் வைத்திருக்க முடிந்தது. 1910இல் தோன்றிய கொக்குவில் இந்துக் கல்லூரி, பிள்ளைகளைப் படிப்பிக்க நகரத்துக்குக் குடிபெயரும் தேவையைக் குறைத்தது. 1974இல் அயலூரான திருநெல்வேலியிற் பல்கலைக்கழக வளாகம் அமைந்தபின், தோட்டநிலங்கள் வீட்டு மனைகளாய் மாறத்தொடங்கின.

கரையோரத்தின் கதை வேறு. கரையூர் குருநகர் எனப் பெயர்பெற்றது. கடலை நிரப்பி மீட்ட நிலத்திலும் மீனவர் குடியேறினர். ரெக்கிளமேசன் என்ற பெயராலேயே அப்பகுதி வழங்குகின்றது. அவர்களுக்குக் கடற்கரை காட்சிக்குரிய இடமன்று, தொழிற்களம். வள்ளம் கட்டிய இடத்துக்கு அருகே வீடு இருத்தல் வேண்டும். குடிநீர் தூரத்திலிருந்து வந்தாலும் வரட்டும் என்பதே அவர்கள் கணக்கு. உள்ளூரார் கரையை இழிவாக எண்ணியது அறியாமையேயாகும். போர்க்காலத்திற் கோட்டையைச் சூழ்ந்த கரைப்பகுதி பாழாயிற்று. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கரையார் உள்ளூரார் என்ற வேறுபாடின்றி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். 1996 ஏப்பிரலிற் பலர் திரும்பினர்.

1990இல் நின்ற புகையிரதம் 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. நகரை அண்டிய செம்மண் ஊர்களில் வீடுகள் நெருங்கின. முன்பு பத்துப் பரப்பு வளவுக்கு ஒரு கிணறும் தூரத்தே ஒரு மலகூடமும் இருந்த இடத்தில், இரண்டு பரப்புக்கு ஒரு கிணறும் அதனருகே ஒரு மலக்குழியும் வந்துவிட்டன. சுண்ணாம்புக்கல் மழைநீரை எவ்வளவு விரைவாக உள்வாங்குமோ, கழிவையும் அவ்வளவு விரைவாக உள்வாங்கும். மலக்குழிக் கழிவாலும் தோட்ட உரத்தாலும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு குடிநீர்க்குரிய எல்லையை மிஞ்சியமை ஆய்வுகளாற் புலப்பட்டது. சுன்னாகத்துக் கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்த செய்தி 2014ஆம் ஆண்டளவில் நாடெங்கும் பேசப்பட்டது. எந்நீரின் பொருட்டு முன்னோர் கரையைவிட்டு உள்ளே வந்தனரோ, அந்நீரே ஐயத்துக்குரியதாயிற்று. 2024 ஓகத்தில் வடமராட்சி கிழக்குத் தாளையடியில், கடல்நீரை நன்னீராக்கிக் குடாநாட்டுக்கு வழங்கும் நிலையம் திறக்கப்பட்டது.