வலிக்குது... வலிக்குது!

ஒரு நோய்க்கு யார் பெயர் வைப்பார்கள்? பெரும்பாலும் டாக்டர்கள். ஆனால், ஜப்பானில் ஒரு நோய்க்கு நோயாளிகளின் முனகலே பெயராகிவிட்டது. ‘இதாய் இதாய்!’ நம்ம ஊர் பாஷையில், ‘வலிக்குது, வலிக்குது!’

படுக்கையில் கிடந்த பெண்கள் இரவு பகலாக அரற்றிய வார்த்தை அது. கேட்டுக் கேட்டு, நர்ஸ்கள் அவர்களை ‘இதாய் இதாய் பேஷன்ட்’ என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். 1955-ல் உள்ளூர் பத்திரிகையில் அப்படியே அச்சானது. பெயர் நிலைத்துவிட்டது.

இடம், டொயாமா மாகாணம். ஜின்சு ஆறு பாயும் நெல் பூமி. குடிக்க, சமைக்க, வயலுக்குப் பாய்ச்ச எல்லாவற்றுக்கும் அந்த ஆற்றுத் தண்ணீர்தான்.

நோய் மெதுவாக வரும். முதலில் இடுப்பிலும் தொடையிலும் வலி. பிறகு வாத்து மாதிரி அசைந்து அசைந்து நடப்பார்கள். ஒருநாள் லேசாகத் தடுக்கி விழுந்தால் போதும், எலும்பு முறியும். அப்புறம் படுக்கைதான். இருமினால்கூட விலா எலும்பு உடையும். ஒரு பெண்ணுக்கு உடம்பில் 72 இடங்களில் முறிவு. உயரம் கிட்டத்தட்ட ஓர் அடி குறைந்துவிட்டது! இதில் கொடுமை என்னவென்றால், நினைவு மட்டும் தெளிவாகவே இருக்கும்.

வந்தது யாருக்கு? பெரும்பாலும் நாற்பதை நெருங்கிய, நாற்பதைத் தாண்டிய, பல பிள்ளைகள் பெற்ற பெண்களுக்கு. ‘முன்வினை’ என்றது ஊர். குடும்பங்கள் வெளியே சொல்லக் கூசின.

1946-ல் ராணுவத்திலிருந்து ஊர் திரும்பினார் டாக்டர் நொபோரு ஹகினோ. குடும்பத்தின் மருத்துவமனையை ஏற்று நடத்தியவர் இந்தப் பெண்களைப் பார்த்துக் குழம்பிப்போனார். சத்துக் குறைவு, வைட்டமின் குறைவு, ஓயாத உழைப்பு, அடுத்தடுத்த பிரசவம் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். சரி, ஜப்பான் முழுக்க ஏழைப் பெண்கள் இருந்தார்களே... இங்கே மட்டும் ஏன்?

நோயாளிகளின் வீடுகளை மேப்பில் புள்ளி புள்ளியாகக் குறித்தார் ஹகினோ. எல்லாப் புள்ளிகளும் ஜின்சு பாயும் பகுதிக்குள்ளேயே விழுந்தன. ஆற்றின் மேல்பகுதியில் என்ன இருக்கிறது? மலையில் கமியோகா சுரங்கம். மிட்சுய் நிறுவனத்துக்குச் சொந்தமானது. துத்தநாகமும் ஈயமும் எடுத்தார்கள். துத்தநாகத் தாதுவோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் ஓர் உலோகம் உண்டு. அதுதான் காட்மியம். தாதுவை அரைத்துப் பிரித்த கழிவு ஆற்றில் கலந்தது. ஒகயாமா பல்கலைக்கழகத்தின் ஜுன் கோபயாஷி மாதிரிகளைப் பரிசோதித்துக் காட்மியத்தை உறுதிசெய்தார். 1961-ல் ஹகினோ பகிரங்கமாக அறிவித்தார்.

பாராட்டினார்களா? அதுதான் இல்லை. விளம்பரம் தேடுகிறார் என்றார்கள். ‘இப்படிச் சொன்னால் எங்க அரிசியை யார் வாங்குவார்கள், எங்க பையன்களுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?’ என்று உள்ளூர்க்காரர்களே கோபப்பட்டார்கள்.

ஏன் பெண்களுக்கு மட்டும் இத்தனை கொடுமை? கொஞ்சம் கவனியுங்கள். அரிசி வழியாக உள்ளே போகும் காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது வருடம் ஆகும். வடிகட்டும் வேலை கெட்டு, எலும்புக்குத் தேவையான பாஸ்பேட்டும் கால்சியமும் சிறுநீரில் வீணாகும். அடுத்தது, ரத்தசோகை. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால், குடல் இரும்புக்காகத் திறந்து வைக்கும் அதே வாசல் வழியாகக் காட்மியமும் தாராளமாக நுழையும். மாதவிடாய், பிரசவம், தாய்ப்பால்... பெண்ணுக்கு இரும்பும் கால்சியமும் குறைய எத்தனை வழிகள்! மாதவிடாய் நின்றதும் எலும்பு இன்னும் பலவீனமாகும். இருபது வயதில் சாப்பிட்ட சோற்றுக்கு ஐம்பது வயதில் வலி.

அப்படியானால் சத்துக் குறைவு என்றவர்கள் சொன்னதும் பாதி சரிதான். உடம்பு பலவீனமாக இருந்தது உண்மை. ஆனால், விஷம் வந்தது மலையிலிருந்து.

1968 மார்ச்சில் வழக்குப் போட்டார்கள். மே மாதமே அரசாங்கம் இதைத் தொழிற்சாலை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. ஜப்பானில் இப்படி ஏற்கப்பட்ட முதல் நோய் இதுதான். 1971-ல் டொயாமா கோர்ட் மக்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. உடம்புக்குள் நடக்கும் ஒவ்வொரு படியையும் நோயாளிகள் நிரூபிக்க வேண்டியதில்லை. யாருக்கு, எங்கே, எப்போது வந்தது என்ற கணக்கே போதும் என்றது. கம்பெனி அப்பீல் போனது. 1972 ஆகஸ்ட்டில் மேல்கோர்ட் இழப்பீட்டை இரட்டிப்பாக்கியது!

அதைவிட முக்கியமானது மறுநாள் நடந்தது. பாதிக்கப்பட்டவர்கள் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கே போய் ஒப்பந்தங்களில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஒன்று என்ன தெரியுமா? ஊர்மக்கள் நிபுணர்களுடன் எப்போது வேண்டுமானாலும் சுரங்கத்துக்குள் போய்ச் சோதனை போடலாம். செலவு கம்பெனியுடையது. ‘இனிமேல் ஒழுங்காக இருப்போம்’ என்ற வாக்குறுதியோடு அவர்கள் திருப்திப்பட்டுவிடவில்லை, பார்த்தீர்களா!

காமர்ஸ் படித்தவனுக்கு இதில் ஒரு கணக்கு உறுத்துகிறது. கழிவைச் சுத்தம் செய்யும் செலவைப் பேரேட்டில் எழுதாமல் விட்டால் லாபம் கூடும். ஆனால், அந்தச் செலவு காணாமல் போவதில்லை. கெட்டுப்போன வயல்களைச் சீராக்கும் வேலை 1979-ல் தொடங்கி 2012-ல்தான் முடிந்தது. சுமார் 860 ஹெக்டேர். 4,000 கோடி யென்னுக்கும் மேல் செலவு. 2013 டிசம்பரில்தான் இறுதி சமரசம். எலும்புவரை போகாமல் சிறுநீரகம் மட்டும் கெட்டவர்களுக்கும் தலைக்கு 6 லட்சம் யென் கிடைத்தது. வழக்குப் போட்டு 45 வருடம் கழித்து! அதிகாரபூர்வமாக நோயாளிகள் என்று ஏற்கப்பட்டவர்கள் 200 பேர் சொச்சம். அதில் ஆண்கள் மிகச் சிலரே.

2001-ல் சுரங்கத்தில் தாது எடுப்பது நின்றது. இன்று அதே மலைக்கு அடியில், 50,000 டன் மிகச் சுத்தமான தண்ணீரை நிரப்பி நியூட்ரினோ ஆராய்ச்சி நடக்கிறது. அந்த மலையடி ஆய்வுகளுக்கு 2002-லும் 2015-லும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதை நமக்கு எதற்கு? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. நாமும் அரிசிச் சோறு தின்பவர்கள். இடுப்பு வலி என்றாலே காட்மியம் என்று பயமுறுத்தவில்லை. ஆனால், ஒரு தெருவில் நாலு பெண்கள் ஒரே மாதிரி வலி என்று சொன்னால், ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிவிடாதீர்கள். எந்தத் தெரு, என்ன தண்ணீர் என்றாவது விசாரியுங்கள். ஹகினோவும் அங்கேதான் ஆரம்பித்தார்.