சூரிய மின்சாரம்: வாடகைக்கா, சொந்தத்துக்கா?



நம் தோட்டங்களில் விளக்கு எரிந்த கதையை நம் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. முதலில் மண்ணெண்ணெய் விளக்கு. பிறகு பல தோட்டங்களில் நிர்வாகத்தின் மின்னியந்திரம் வந்தது. அது ஓடும் சில மணி நேரம் லயத்தில் வெளிச்சம், நின்றதும் இருட்டு. வீடும் நமதில்லை, விளக்கும் நமதில்லை. ஆகவே, வாடகையா சொந்தமா என்னும் கேள்வி நமக்குப் புதியதன்று. இன்று அக்கேள்வி சூரிய மின்சாரத்தைப் பற்றி எழுந்துள்ளது. பிற நாட்டு மக்கள் அதற்கு எவ்வாறு விடை கண்டனர் என்பதைப் பார்ப்போம்.

1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் சிலிக்கனால் ஆன சூரிய மின்கலத்தைச் செய்து காட்டினர். தன்மீது விழுந்த வெயிலில் ஏறக்குறைய 6 விழுக்காட்டை அது மின்சாரமாக்கியது. விலையோ மிக அதிகம். 1958-இல் வான்கார்டு துணைக்கோளில் ஏறி வானுக்குச் சென்ற மின்கலம், ஏழையின் கூரைக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. விலை குறைந்த பின்னும் ஒரு தடை நின்றது. மண்ணெண்ணெயைக் கால் போத்தல் வாங்கலாம். சூரியத் தகட்டைக் கால் பங்கு வாங்க முடியுமா?

வங்காளதேசம் இதற்கு ஒரு வழி கண்டது. அங்கு 1996-இல் தொடங்கப்பட்ட கிராமீன் சக்தி, தகட்டையும் பேட்டரியையும் கிராமத்தாருக்குத் தவணை முறையில் விற்றது. அதன் ஒரு திட்டப்படி, 15 விழுக்காடு முன்பணம். மீதி 36 மாதத் தவணை. மண்ணெண்ணெய்க்குப் போன காசு தவணைக்குப் போயிற்று. கடன் தீர்ந்ததும் கருவி குடும்பத்தின் சொத்து. 2003-இல் அரசு நிறுவனமான இட்கால் கடனுதவிக்கு முன்வந்தது. காலப்போக்கில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் பொருத்தப்பட்டன.

ஆப்பிரிக்காவின் சாம்பியா நாடு வேறு வழியில் சென்றது. அதன் கிழக்கு மாநிலத்தில் 1990-களின் இறுதியில், சுவீடன் உதவியுடன் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் கருவி வீட்டாருக்குச் சொந்தமன்று. வீட்டார் மாதக் கட்டணம் கட்டினர். பேட்டரி தேய்ந்தால் நிறுவனம் மாற்றிக் கொடுக்கும்.

இரண்டில் எது மேல்? வாடகைக்காரருக்குப் பழுதுபற்றிய கவலை இல்லை; ஆனால், கட்டணத்துக்கு முடிவும் இல்லை. சொந்தக்காரருக்குத் தவணை முடியும். ஆனால், நட்டமும் அவரதே. வங்காளதேசத்துக் கிராமங்களுக்கு அரசு மின்கம்பி வந்தபின், காசு கொடுத்து வாங்கிய தகடுகள் பல வீடுகளில் பயனின்றிக் கிடந்தன. 2022 மார்ச்சில் நாடு முழுதும் மின்சாரம் எட்டிவிட்டதாக அந்நாட்டு அரசு அறிவித்தது.

இனி மலேசியாவுக்கு வருவோம். இங்கே கூரைத் தகடு பெரும்பாலும் மின்கட்டணத்தைக் குறைப்பதற்கே. 2011-இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. 2016-இல், வீட்டில் மிஞ்சும் மின்சாரத்தைக் கம்பிக்குக் கொடுத்துக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் திட்டம் தொடங்கியது. 2019 முதல் கொடுத்த ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் கழிக்கப்பட்டது. முன்பணமில்லாமல் நிறுவனமே தகடு பொருத்த, வீட்டார் மாதந்தோறும் பணம் கட்டும் ஒப்பந்தங்களும் வந்தன. அத்திட்டத்தின் கடைசிக் கட்டம் 2025 ஜூன் 30-இல் மூடப்பட்டது. 2026-இல் வேறு விதிகளுடன் புதிய திட்டம் வந்தது. விதிகள் மாறும், கையெழுத்திட்ட ஒப்பந்தமோ பல ஆண்டுகள் நம்மைக் கட்டி நிறுத்தும்.

நேயர்களே, லயத்து வீட்டின் கூரை தோட்டத்துக்கு உரியது. அங்குத் தகடு வைப்பது நம் முடிவன்று. தாமானில் சொந்த வீடு வாங்கியவர்கள் சிந்திக்கட்டும். கையில் சேமிப்பும், அங்கேயே நெடுங்காலம் குடியிருக்கும் எண்ணமும் இருந்தால் வாங்குவதே நலம். நல்ல தகடு 25 ஆண்டளவு உழைக்கும். பணமில்லாதவர் வாடகையை நாடலாம். அப்பொழுது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒப்பந்தம் முடியும்வரை மொத்தம் எத்தனை வெள்ளி கட்டுவோம்? பழுதானால் யார் பொறுப்பு? வீட்டை விற்க நேர்ந்தால் ஒப்பந்தம் என்னவாகும்?

நம் முன்னோரில் பலர், படிக்கத் தெரியாமல் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறினர். அவ்வாறு மலாயாவுக்கு ஆள் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். கையெழுத்திடுமுன் அவர்களை அருகில் உட்காரவைத்து, வரி வரியாகப் படித்துக் காட்டச் சொல்லுவோம்.